கூடத்துக் குழி

டேப்புக்காரர் வீட்டுக் கூடத்தில், கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே, ஒரு புதன்கிழமை காலையில் கல்லறைக் குழி ஒன்று திறந்துகிடந்தது. ஓரங்கள் அவ்வளவு நேர்த்தி. தச்சரான அவராலேயே குறை சொல்ல முடியவில்லை. விருந்துக்குப் போன இடத்திலும் இடுப்பு டேப்பை உருவி, மேசை கோணல் என்று சொல்லிவிட்டு வருகிற ஆள் அவர். இந்தக் குழியை மட்டும் அளக்கவில்லை. பயம். போன வாரம்தான் நெஞ்சுவலி வந்திருந்தது. குழி யாருக்கு என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மூடிப் பார்த்தார்கள். கொட்டிய மண் விடிவதற்குள் வாசலில் குவிந்துகிடந்தது. போதகர் ஜெபம் செய்து, எட்டிப் பார்த்து, "எல்லாருக்கும் இருக்கிறதுதான். உங்களுக்குக் கண்ணுக்குத் தெரியுது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு வீடு பழகிக்கொண்டது. மனைவி அதில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, தோல் உள்ளே விழாமல் வெங்காயம் உரித்தாள்.

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பார்கள். அவருக்குக் குழி உதவியது. குடியும் வசவுமாகவே இருந்தவர், பிடிக்காத கல்யாணம் செய்துகொண்ட ஒரே மகளைப் படியேற விடாதவர், ஒரு நாள் பஸ் ஏறிப் போய் அவள் முன்னால் உட்கார்ந்து அழுதார். குடியை விட்டார். ஆலயத்துக்குப் போனார், முதலில் பயத்தில், அப்புறம் பாட்டுப் பிடித்துப்போய். இல்லாதவர்களுக்குக் கூலி வாங்காமல் கதவு போட்டுக்கொடுத்தார். மனைவியிடம் முதல்முறையாக "சாப்பிட்டியா?" என்று கேட்டார். அவள் அடுக்களைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

நாலாம் வருஷம் மனைவி படுத்தாள். வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது என்றார்கள். "நான்தானே போகணும், குழி எனக்குத்தானே?" என்று அவர் அரற்றினார்.

"டேப்ப எடுத்து அளந்து பாருங்க," என்றாள்.

மண்டியிட்டு அளந்தார். அவருக்கு ஒரு சாண் குறைந்தது. அவளுக்குக் கச்சிதமாக இருந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே. நீங்க மருந்து வாங்கப் போனப்ப உள்ள படுத்துப் பார்த்தேன்."

"ஏண்டி சொல்லல?"

"சொன்னா நீங்க பழையபடி ஆயிருப்பீங்க. பயமாத்தான் இருந்துச்சு. ஆனா இந்த நாலு வருஷம் நல்லா வாழ்ந்துட்டேங்க." மூச்சு வாங்கினாள். "மூடினப்புறம் மேல கனமா எதையும் வச்சிடாதீங்க. ஆண்டவர் கூப்பிடுற அன்னைக்கு நான் எழுந்திரிக்கணும்ல."

பெட்டியை அவரே செய்தார். மகளும் அவருமாக இறக்கினார்கள். இந்த முறை மண் தங்கியது. மறுநாள் காலையில் தரை பழையபடி மூடிக்கிடந்தது. அன்று மாலை, பயமுறுத்த ஒன்றுமே இல்லாத வீட்டில் இருக்க முடியாமல் சாராயக் கடை வரை நடந்தார். வாசலில் நெடுநேரம் நின்றார். பிறகு திரும்பிப் போய், பக்கத்துத் தெரு விதவைக்குப் பாதியில் விட்டிருந்த கதவை முடித்துக்கொடுத்தார்.

அதன் பின் பல வருஷம் இருந்தார். கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் போட்டார். கூடத்தின் நடுவில் ஒரு முக்காலிகூட வைக்கவில்லை. வருகிறவர்களும் காரணம் கேட்காமல் சுற்றித்தான் நடந்தார்கள். எழுந்து வருகிறவளுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதல்லவா.