கல்யாண லீவு

பள்ளிக்கூடத்து முற்றத்தில் பந்தக்கால் நட்டபோது, அதற்கு முதலில் மஞ்சள் பூசியது காந்திமதிதான். அவளுடைய அக்கா கங்காவுக்குக் கல்யாணம். வல்லத்தை ஒட்டிய அந்த ஊரில் ஓடு போட்டு, சிமெண்டுத் தரையோடு, வரிசையாக அறைகள் வைத்து நின்ற ஒரே கட்டடம் அரசு உயர்நிலைப் பள்ளி. அதனால் தை பிறந்தால் ஊர்க் கல்யாணங்கள் எல்லாம் அங்கேதான். பெஞ்சுகள் வெளியேறி மரத்தடியில் அடுக்கப்படும். மாப்பிள்ளை வீட்டார் வகுப்பறைகளில் பாய் விரிப்பார்கள். பிள்ளைகளுக்குக் கல்யாண லீவும் பாயசமும் கிடைக்கும். பத்தாம் வகுப்புக்கு வரும்வரை காந்திமதிக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

மறுநாள் தலைமை ஆசிரியர் இராமச்சந்திரன் வகுப்புக்கு வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். பொதுத்தேர்வை இந்தப் பள்ளியிலேயே நடத்தலாமா என்று பார்க்க ஓர் அதிகாரி வருகிறாராம். வெள்ளிக்கிழமை காலை.

வெள்ளிக்கிழமைதான் கங்காவின் முகூர்த்தம். பஞ்சாங்கத்தைப் புரட்டிப் புரட்டி நாள் குறித்தவர்களில் ஒருவருக்குக்கூட, அன்று பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது வேலை இருக்குமா என்று கேட்கத் தோன்றவில்லை. பத்திரிகையில் இடம் என்று பள்ளியின் பெயரையே அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தாகிவிட்டது.

"வேற நாள் கேட்டேன். அப்போ அடுத்த வருஷம் பார்க்கலாம்னு சொல்லிட்டாங்க" என்றார் தலைமை ஆசிரியர்.

காந்திமதியின் பக்கத்தில் இருந்த சகாயமேரி மெல்லச் சிரித்தாள். "அடுத்த வருஷம் நான் எங்கம்மாகூட நாத்து நட்டுகினு இருப்பேன்."

அது வேடிக்கைப் பேச்சு இல்லை. தேர்வு மையம் காஞ்சிபுரத்தில் இருந்தது. முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. அங்கேயே தங்க வேண்டும். போன வருஷம் பையன்கள் சத்திரத்தில் படுத்துக்கொண்டு எழுதிவிட்டு வந்தார்கள். வயசுப் பெண்களை எந்த வீட்டில் விடுவது என்று பேசிப் பேசியே தேர்வு முடிந்துபோனது. பத்து வருஷம் படித்த பெண்களில் ஒருத்திகூடப் பரீட்சை எழுதவில்லை.

அன்று மாலை காந்திமதி அப்பாவிடம் கேட்டுவிட்டாள்.

"ரூமை மட்டும் வுட்டுடுங்கப்பா. தாலி கட்டறது பந்தல்லதானே?"

"சம்பந்தி வூட்டாளுங்களைத் தெருவுல படுக்கச் சொல்றியா?" என்றார் முனிரத்தினம். "அந்தச் சொவத்துக்குச் செங்கல்லு தூக்கினவன் நானு. எனக்கு இல்லாத பாத்தியதை எந்த ஆபீசருக்குக் கீது?"

"செங்கல்லு தூக்கினது பள்ளிக்கூடத்துக்கா, சத்திரத்துக்காப்பா?"

பளாரென்று ஓர் அறை விழுந்தது. கங்கா தங்கையின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் காந்திமதி பட்டுப் பாவாடையைத் தொடவில்லை. நீலப் பாவாடையும் வெள்ளைத் தாவணியுமாகப் பள்ளிக்கு வந்தாள். சகாயமேரியும் மற்றப் பெண்களும் அதே உடையில் மரத்தடியில் காத்திருந்தார்கள். ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் படுத்திருந்த பத்தாம் வகுப்பு அறைக்குள் நுழைந்தார்கள்.

மாப்பிள்ளையின் சித்தப்பா பாண்டுரங்கன் துள்ளி எழுந்தார். "இன்னாம்மா இது? யாரு நீ?"

"பொண்ணோட தங்கச்சி. எழுந்துருங்க, பெஞ்சு போடணும்."

"எங்களைத் தொரத்தறியா? யோவ் முனிரத்தினம்! இன்னாய்யா பொண்ணு வளத்து வெச்சிகீற?"

முனிரத்தினம் கையை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தார். அதற்குள் அடுத்த அறையின் கதவு திறந்தது. பாதி பின்னிய சடையோடு கங்கா, தான் உட்கார்ந்திருந்த பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கியபடி வெளியே வந்தாள்.

"அவளை அடிக்காதப்பா. நான் எட்டாவதோட நின்னப்ப இந்தக் கட்டடம் இல்ல. இப்போ கீது, அவ உக்காரட்டும். நான் பந்தல்லயே சடை பின்னிக்கறேன்."

"தாலி ஏறங்காட்டியும் இந்த வாயா? டேய், கெளம்புங்கடா!" என்று கத்திய பாண்டுரங்கன், நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு பஸ் ரோட்டை நோக்கி நடந்தார்.

முனிரத்தினம் முகம் வெளுத்து மாப்பிள்ளையின் அம்மா செல்லம்மாளைப் பார்த்தார். செல்லம்மாள் கொட்டாவி விட்டபடி தலைமுடியை முடிந்தாள். "வுடுங்க சம்பந்தி. வெறும் வயித்தோட போறான். பசிச்சா தானா வருவான்."

தாலி ஏறிய சற்று நேரத்தில் அதிகாரி வந்தார். அடுப்புப் புகையையும் நாதஸ்வரத்தையும் தாண்டிப் பத்தாம் வகுப்பு அறைக்குள் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இது பள்ளிக்கூடமா, கல்யாண மண்டபமா?"

இராமச்சந்திரன் தரையைப் பார்த்தார். காந்திமதி எழுந்தாள்.

"பள்ளிக்கூடம் சார். கல்யாணம் வெளியே நடக்குது."

"பரீட்சை அன்னிக்கும் இப்படி மேளம் அடிச்சா?"

"அடிக்க வுட மாட்டோம் சார். வெளிய நடக்கறது எங்க அக்கா கல்யாணம். அதுக்கே இந்த ரூமை வுடல."

அதிகாரி அவளை ஒரு கணம் பார்த்தார். கதவுத் தாழைப் போட்டுப் பார்த்தார், ஜன்னல்களை அசைத்துப் பார்த்தார். போகும்போது தலைமை ஆசிரியரிடம், "மையம் போடச் சொல்லி எழுதறேன். ஆனா இங்க அடுப்பு மூட்டினாங்கன்னு ஒரு புகார் வந்தாலும் எடுத்துடுவாங்க" என்றார்.

பந்தி முடியும் நேரத்தில் பாண்டுரங்கன் திரும்பி வந்தார். யாரையும் பார்க்காமல் மூன்று முறை சாம்பார் வாங்கிச் சாப்பிட்டார். வெற்றிலையை மென்றபடி, கையில் பாயோடு பத்தாம் வகுப்பு வாசலுக்கு வந்தார். காந்திமதி குறுக்கே நின்றாள்.

"ஸ்கூல் நடக்குது."

"எவன் நடத்தறான்? அதான் ஆபீசர் போய்ட்டானே. தள்ளு."

அவள் நகரவில்லை. பந்தலில் அப்போதுதான் இலைமுன் உட்கார்ந்த இராமச்சந்திரன் அங்கிருந்தே இதைப் பார்த்தார். பாயசத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்து வந்து, பாண்டுரங்கனைச் சுற்றிக்கொண்டு அறைக்குள் போய்ச் சாக்குக்கட்டியை எடுத்தார்.

முனிரத்தினம் மகளின் முகத்தைப் பார்க்காமலே பாண்டுரங்கனின் கையிலிருந்த பாயை வாங்கினார். "இப்படி வாங்க. பந்தல்ல நல்லாக் காத்து வருது."

பாண்டுரங்கன் ஊரையும் பள்ளியையும் திட்டத் தொடங்கினார். சகாயமேரி ஜன்னலைச் சாத்தப் போனாள்.

"தொறந்தே இருக்கட்டும்டி" என்றாள் காந்திமதி. "நாம படிக்கறது அவருக்கும் கேக்கட்டும்."

புத்தகத்தை விரித்து, அவள் முதல் வரியை உரக்க வாசித்தாள்.