ஆட மறுத்த திராட்சை

நேற்று ஆடிய உலர்திராட்சை இன்று ஆடவில்லை. ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை.

நேற்று மாலை நீளமான கண்ணாடித் தம்ளரில் கால் பங்கு ஆப்பிள் சாறு, ஒரு கரண்டி இஞ்சிச் சாறு, அதன்மேல் விளிம்புவரை சோடா ஊற்றி, ஆறு திராட்சைகளைப் போட்டுப் பார்த்தாள். அவை அடியில் போய் உட்கார்ந்தன. சற்று நேரத்தில் ஒன்று மெல்ல அசைந்து எழுந்தது. மேலே வந்து புரண்டு படுத்து, மறுபடி இறங்கியது. அதற்குள் இரண்டாவது கிளம்பிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. தம்ளருக்குள் திராட்சை ஏறிக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அறையே மெதுவாக எங்கோ மிதந்து போவதுபோல் இருந்தது. அவளும் கணவரும் அடுப்பை மறந்து நின்றார்கள். பருப்பு அடிப்பிடித்தது.

இன்று அதே தம்ளர், அதே சாறு, அதே சோடா. ஆறு திராட்சைகளும் அடியில் கிடந்தன.

"விருந்து சாப்பிட்டுட்டுப் படுத்த மாதிரி கிடக்குதுங்களே," என்றார் கணவர். பேருந்து ஓட்டுபவர், விடுமுறை தொடங்கியதிலிருந்து வீட்டில் எதைத் தொட்டாலும் அவருக்கு ஒரு கருத்து இருந்தது.

அவள் சிரிக்கவில்லை. ஐந்து மணிக்கு விருந்தினர்கள் வரப்போகிறார்கள். கொழுந்தனார் குடும்பத்தைப் பற்றிக் கவலையில்லை. கையில் வெந்நீரைக் கொடுத்தாலும் குடித்துவிட்டு, கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் போகாமல் உட்கார்ந்திருப்பார்கள். கவலையெல்லாம் அக்காவைப் பற்றித்தான்.

அக்காவின் கணவர் கோடையில் இறந்துபோனார். அதன்பிறகு அக்கா வேலைக்குப் போவாள், வீட்டுக்கு வருவாள், வேறெங்கும் போகமாட்டாள். தொலைபேசியில் கூப்பிட்டபோது, வாசலில் நின்று முகத்தைக் காட்டிவிட்டுப் போகிறேன் என்றாள். கோட்டைக் கழற்றச் சொல்லக்கூடாது என்பது நிபந்தனை. அவள் வேலை செய்யும் திரைச்சீலை தைக்கும் பட்டறைக்குப் பத்து நாள் விடுமுறை. இன்று திரும்பிப் போய்விட்டால் அந்தப் பத்து நாளும் வெறும் நாற்காலி ஒன்றுக்கு எதிரே உட்கார்ந்திருப்பாள். தங்கைக்கு அது நன்றாகத் தெரியும்.

இன்னொன்றும் தெரியும். அக்கா எதைக் கொடுத்தாலும் மூன்றே மடக்கில் குடித்துவிடுவாள். தம்ளரைத் திருப்பிக் கொடுத்தால் புறப்பட்டாயிற்று என்று அர்த்தம். ஆகவே மூன்று மடக்கில் முடியாத ஒரு பானம் வேண்டும். குடிப்பதற்குமுன் பார்த்துக்கொண்டு நிற்க வைக்கிற பானம். அதற்குத்தான் இந்தத் திராட்சை.

மணி மூன்றரை. சோடாவில் காற்று போய்விட்டதோ என்று புதுப் புட்டியைத் திறந்தாள். ஆடவில்லை. குளிர்ந்த சோடாவில் வாயு அதிகம் தங்கும் என்பதால் புட்டியைக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்தாள். ஆடவில்லை. தம்ளரில் எண்ணெய்ப் பசை இருக்குமோ என்று சோப்புப் போட்டுத் தேய்த்தாள். தம்ளர்தான் பளபளத்தது.

"திராட்சை நேத்து வாங்கினதுதானே?" என்றார் கணவர்.

"அதேதாங்க. ராத்திரி வெதுவெதுப்பான தேன் தண்ணியில ஊறப்போட்டேன், அவ்வளவுதான்."

ஊறப்போட்டதற்குக் காரணம் உண்டு. அவள் வேலை பல்செட் செய்வது. மருத்துவமனைகளிலிருந்து வரும் அச்சுகளை வைத்து, ஜன்னலோர மேசையில் மெழுகும் பிளாஸ்டிக்குமாக மற்றவர்களின் சிரிப்பைச் செய்துகொண்டிருப்பாள். மூன்று வாரத்துக்கு முன் அக்காவுக்குக் கீழ்ப்பல் செட் செய்ததும் அவள்தான். புதுச் செட் ஈறில் படிந்து உட்காரச் சில வாரமாகும். அதுவரை காய்ந்த திராட்சை ஒன்று அடியில் போய்ச் சிக்கினாலும் செருப்புக்குள் கல் புகுந்த கதைதான். அதனால் விருந்தினருக்கான அத்தனை திராட்சையையும் பஞ்சுபோல் ஊறவைத்திருந்தாள்.

கிண்ணத்திலிருந்து ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டினாள். உப்பி, மழமழவென்று வழுக்கியது. அந்த வழுக்கல் கைக்குப் பழக்கமானது. மெருகுச் சக்கரத்திலிருந்து எடுத்த பல்செட்டின் வெளிப்புறம் இப்படித்தான் இருக்கும்.

அவள் அப்படியே நின்றாள். பல்செட்டின் வெளிப்புறத்துக்குத்தான் மெருகு போடுவார்கள். ஈறைப் பற்றவேண்டிய உட்புறத்தைச் சொரசொரப்பாகவே விட்டுவிடுவார்கள். கழுவும் மாத்திரை போட்ட தண்ணீரில் செட்டை வைத்தால், நுரைத்து வரும் குமிழிகள் எங்கே ஒட்டும்? வெளிப்புறத்தில் ஒன்றும் நிற்காது. உட்புறம் முழுக்க முத்துமுத்தாகக் கோத்திருக்கும். எத்தனையோ காலையில் பார்த்திருக்கிறாள்.

சோடாவுக்குள் கரைந்திருக்கும் வாயுவால் வெறும் தண்ணீரில் எளிதாகக் குமிழியாக முடியாது. பிடித்துக்கொள்ள ஒரு மூலை வேண்டும். துளிக் காற்று ஒளிந்திருக்கும் ஒரு மடிப்பு வேண்டும். காய்ந்த திராட்சையில் உள்ளதெல்லாம் மடிப்புதான். ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு குமிழி பிறந்து பெரிதாகும். பத்துப் பதினைந்து சேர்ந்தால் நீச்சல் தெரியாதவரை ரப்பர் வளையம் தூக்குவதுபோல் தூக்கிவிடும். மேலே வந்ததும் குமிழிகள் உடையும், திராட்சை இறங்கும், மடிப்பில் அடுத்த குமிழி தொடங்கும். ஊறவைத்து அந்த மடிப்புகளை எல்லாம் அவளே நிரப்பி வைத்திருந்தாள்.

"காஞ்சது மிச்சம் இருக்கா?" என்று பதறிக்கொண்டு கேட்டாள்.

கணவர் சட்டைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினார். "நான் தின்னு தீர்க்காதது உன் அதிர்ஷ்டம்."

ஒரு கைப்பிடி இருந்தது. ஒன்றைப் போட்டார்கள். அது உட்கார்ந்தது, குமிழிகளை அணிந்தது, எழுந்தது.

பாதிச் சிக்கல் தீர்ந்தது. மறுபாதி அப்படியே இருந்தது: ஆடுவதை அக்காவால் மெல்ல முடியாது, மெல்ல முடிந்தது ஆடாது. அதை யோசிக்க நேரமில்லை. ஐந்தாக ஐந்து நிமிடம் இருக்கும்போதே வாசல் மணி அடித்தது. சீக்கிரம் போக நினைப்பவர்கள் சீக்கிரமே வருவார்கள்.

அக்கா கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றாள். தோளில் பனி. தங்கை தம்ளரை உறிஞ்சுகுழலோடு நீட்டினாள்.

"உறிஞ்சிக் குடி அக்கா. திராட்சையைக் கடிச்சிடாதே, செட்டுக்கடியில போயிடும்."

"அப்புறம் எதுக்குடி போட்டே?"

"பாக்கறதுக்கு."

அக்கா அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு தம்ளரைப் பார்த்தாள். ஒன்று எழுந்தது. இன்னொன்று அதைத் தாண்டி இறங்கியது. வாசல் விளக்கின் மஞ்சள் ஒளி சாற்றில் கலந்து, அவள் கையில் ஒரு சின்ன மாலைப்பொழுது இருப்பதுபோல் தோன்றியது. முதல் மடக்குக்குக் குனிந்தவள் குழலை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டாள். குளிர் உள்ளே வருகிறது என்று கணவர் கதவைச் சாத்தினார். சாத்தும்போது அக்கா உட்பக்கம் இருந்தாள்.

ஆறில் ஐந்து ஆடின. ஒன்று அடியிலேயே கிடந்தது.

"இது உங்க அத்தானேதான்," என்றாள் அக்கா. "நாலு தடவை எழுப்பணும்."

கோடைக்குப் பிறகு அவள் அவரைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. காலணி மாட்டும் பலகையில் உட்கார்ந்து, விரல் நகத்தால் தம்ளரைத் தட்டினாள். ஒன்று. இரண்டு. நான்காவது தட்டலில் அது அசைந்து, சோம்பல் முறிப்பதுபோல் சாய்ந்து, எழுந்து வந்தது. அக்கா சத்தமில்லாமல் சிரித்தாள். கண் நிறைந்திருந்தது.

கொழுந்தனார் குடும்பம் வந்தது. பனியும் பேச்சுமாக அவளைத் தாண்டி உள்ளே போனது. அக்கா நகரவில்லை. சாறு குறையும்போதெல்லாம் தங்கை கொஞ்சம் சோடா ஊற்றினாள். சூடு தாங்காமல் அக்கா பொத்தான்களைக் கழற்றினாள். பிறகு கோட்டையே கழற்றினாள். யாரும் சொல்லவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து ஆட்டம் தளர்ந்தது. ஒவ்வொன்றாக அடியில் போய்த் தங்கின. அக்கா ஒரு கரண்டி கேட்டாள். தங்கை தடுப்பதற்குள் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள்.

"மெத்துன்னு இருக்குடி," என்றாள். "செட்டுல படவே இல்லை. இன்னொரு தம்ளர் வை, அதுவும் ஆடி முடிக்கட்டும்."

விடை அதுதான். திராட்சையை முன்கூட்டி ஊறவைக்கக்கூடாது, காய்ந்தபடியே போடவேண்டும். மடிப்பு இருக்கும்வரை ஆடும். ஆட ஆட ஊறும். ஊறி மடிப்பு நிரம்பினால் நிற்கும். நின்றதும் கரண்டியால் எடுத்துச் சாப்பிடலாம். அதற்கு ஒரு தம்ளருக்கு ஒரு மணி நேரம் ஆகும்.