அழிக்காமல் விட்ட பெயர்

...இல்லை, மணி பத்து பன்னிரண்டுக்கு அந்தக் கவுண்ட்டர் நான்கு பெண் இங்கேதான் நின்றாள், என் மேசைக்கு முன்னால், அந்த நீலக் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "மேடம், சத்தியமா நான் அந்தப் பட்டியல் பக்கமே போறதில்ல, அத எப்படித் திறக்கறதுன்னுகூட எனக்குத் தெரியாது" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு... பிறகு எப்படிப் பத்து பன்னிரண்டுக்கு என் திரையில் இந்த வரி விழுந்திருக்கிறது? ஐந்து வருட நோயாளிகள் பட்டியல் முழுவதும், நாற்பத்தொரு நொடி, கேட்டவர்: கவுண்ட்டர் நான்கு. ஒருவேளை அவள் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்து... அதுவும் இல்லை, 'மூடப்பட்டுள்ளது' அட்டையை வைத்துவிட்டுத்தான் வந்தாள், கண்ணாடிக்கு அந்தப்புறம் காலி நாற்காலியை நானே பார்த்தேன். அப்படியானால் எல்லாம் உறைவது அவளால்தான் என்று நேற்று நான் கொடுத்த ரிப்போர்ட்? பதினொரு மணிக்கு மேனேஜர் அறையில் அதை வைத்துத்தான் அவளை வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள். ஒப்பந்த வேலை, கேட்க நாதியில்லை. இப்போது மணி பத்து முப்பத்தெட்டு.

நிதானமாக யோசி, பதறாதே... இந்த ஆஸ்பத்திரியில் நாற்பது பேர் கம்ப்யூட்டரில் தட்டுகிறார்கள், டேட்டாபேஸுக்குள் போக இருப்பதோ எட்டே எட்டு இணைப்புகள், ஒருவர் எடுப்பார், வேலை முடிந்ததும் திருப்பிப் போடுவார், அடுத்தவர் எடுப்பார். உள்ளே இருந்து பார்த்தால் நாற்பது பேரும் ஒரே ஆள். அதனால்தான் தினமும் பத்து மணிக்கு எல்லாத் திரையும் உறைந்து நின்றபோது, யார் கேட்கிற பெரிய பட்டியலால் என்று ஒருவருக்கும் தெரியவில்லை, வரிசை வாசல் வரை போய் ஜனங்கள் கத்தினார்கள், மேனேஜர் என் உயிரை எடுத்தார். நான்தான் கெட்டிக்காரியாயிற்றே, புரோகிராமில் ரெண்டு வரி எழுதினேன், யார் இணைப்பை எடுத்தாலும் அவர் பெயரை அதில் ஒட்டிவிடு. யார் என்ன கேட்டார்கள் என்று பதிவாகும் டிரேஸை மூன்று நாள் பார்த்தேன், பத்துக்கு ஏழு கவுண்ட்டர் நான்கு. "உனக்குக் கழுகுக் கண்ணும்மா, கரெக்டா புடிச்சிட்ட" என்றார், எனக்கும் தலைகால் புரியவில்லை. மீதி மூன்று? மீதி மூன்றில் வேறு வேறு பெயர்கள் இருந்தன. சில்லறைப் பிசகு என்று ஒதுக்கிவிட்டேன், ஏன் ஒதுக்கினேன், விடை கையில் கிடைத்துவிட்ட குஷியில் ஒதுக்கினேன்.

ஒட்டச் சொன்னேன்... திருப்பிப் போடும்போது பிய்த்தெடுக்கச் சொன்னேனா? புரோகிராம் கோப்பைத் திறக்கிறேன், இதோ என் ரெண்டு வரி, மூன்றாவது வரி இல்லை. அடிப்பாவி. பெயர் போட்டு வருகிறவர்கள் வரை சரி, பழைய பெயர் மேல் புதுப் பெயர் விழுந்துவிடும், ஆனால் பெயரே இல்லாமல் வருவது ஒன்று இருக்கிறதே, மேனேஜர் அறைச் சுவரில் தொங்கும் பெரிய திரை, எத்தனை பேர் வந்தார்கள், போன வருடம் எத்தனை, அதற்கு முன் எத்தனை என்று தினமும் பத்து மணியானால் தானாகவே கேட்க ஆரம்பிக்கும் அந்தத் திரை, அது சும்மா கிடக்கிற ஓர் இணைப்பை எடுக்கும், அதில் கடைசியாக எவர் பெயர் ஒட்டியிருக்கிறதோ அவர் தலையில் விழும். அது ஏன் எப்போதும் அவள் தலையில்? ஏனென்றால் அவள்தான் வேகம். மற்றவர்கள் ஒருவரை அனுப்புவதற்குள் அவள் மூன்று பேரை அனுப்புகிறாள், எட்டு இணைப்பில் பாதிக்கு மேல் அவள் பெயர்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒழுங்காக வேலை பார்த்தவளுக்கு நான் கொடுத்த பரிசு இது. வெட்கமாக இருக்கிறது, காது மடல்வரை சுடுகிறது.

இந்தச் சூடு பழசு... அந்த மழைக்கோட்டு. எனக்கும் அக்காவுக்கும் ஒன்றே ஒன்று, காலருக்கு உள்ளே அம்மா சிவப்பு நூலில் அக்கா பெயரைத் தைத்திருந்தாள். அன்றைக்குப் போட்டுக்கொண்டு போனது நான், பள்ளிக்கூடத்துக் குழாயைத் திருகி உடைத்தது நான், வகுப்பறையில் தண்ணீர் ஏறியதும் கோட்டை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவந்ததும் நான். கோட்டு மட்டும் டீச்சர் கையோடு வீட்டுக்கு வந்தது, அம்மா காலரைப் பிரித்துப் பார்த்தாள், "நீயாடி?" என்றாள் அக்காவிடம். அக்கா வாயைத் திறக்கவில்லை, என்னைப் பார்த்தாள், நான் குனிந்து படம் வரைந்துகொண்டிருந்தேன். யானை. தும்பிக்கையை எவ்வளவு நீளமாக வரைந்தேன் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. அடி விழுந்த சத்தமும்தான். முப்பது வருடம் ஆகிவிட்டது, இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்கா போன் செய்கிறாள், ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுத்ததில்லை, எனக்காகச் சொல்லாமல் விட்டாள் என்று நானும் மனதுக்குள் கொண்டாடிக்கொண்டிருக்கிறேன்.

பத்து நாற்பத்தாறு. மேனேஜருக்கு மெயில் எழுதுகிறேன், 'நேற்றைய ரிப்போர்ட்டில் சிறு பிழை நேர்ந்துவிட்டது, கவுண்ட்டர் நான்கு ஊழியருக்கும் தாமதத்துக்கும் தொடர்பில்லை'... நேர்ந்துவிட்டதாம், மழை பெய்தது மாதிரி, வெயில் அடித்தது மாதிரி. அனுப்பவிருந்த கை நிற்கிறது. அனுப்புநர் இடத்தில் 'தொழில்நுட்பப் பிரிவு' என்று இருக்கிறது, நாங்கள் ஆறு பேரும் பொதுவாக வைத்திருக்கும் முகவரி, இதில் போனால் யார் எழுதியது என்று யாருக்குத் தெரியும், யாருடைய பிழை என்று யார் கேட்பார்கள்? கண்ணாடிக்கு அந்தப்புறம் அவள் திரும்ப வந்து அட்டையை எடுத்துவிட்டு உட்காருகிறாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு "அடுத்தவங்க வாங்க" என்கிறாள், வேலை போகப்போகிற நாளிலும் அதே வேகம். எழுதியதை அழிக்கிறேன். என் சொந்த முகவரியைத் திறந்து 'நான்' என்று மட்டும் அடிக்கிறேன், அதற்குப் பக்கத்தில் கர்சர் கோடு மின்னிக்கொண்டே காத்திருக்கிறது... அக்கா அன்றைக்கு என்னை மறைக்கப் பார்க்கவில்லையோ? நானாகச் சொல்வேன் என்றுதான் பார்த்தாளோ?