இரண்டு பக்கமும் பச்சை

வந்திருந்தவர்கள்: ஜன்னலை ஒட்டிக் கோலின் ராக். கதவுப் பக்கம், ஹீட்டருக்கு அருகில் மேவிஸ் டனிக்ளிஃப். மேஜையின் தலைமாட்டில், குறிப்புப் புத்தகத்தோடு, பொம்மைப் போர்வீரர் கிளப்பின் செயலாளரான நான், லென் பாஸ்க். நான்காவது நாற்காலியில் கிளிஃப் ஹாலமின் இரண்டு அட்டைப்பெட்டிகள் உட்கார்ந்திருந்தன. கிளிஃப் வரவில்லை. இரண்டு வருடமாக அவன் எங்கும் வருவதில்லை. அவன் மனைவி டோரீன் பக்கவாதத்தில் படுத்திருக்கிறாள். போன் அடித்தால் திடுக்கிட்டு அழுவாள் என்பதால், அவனுக்கு எதுவானாலும் கடிதம்தான்.

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி. சர்ச்சின் பின்கூடத்தில் மேஜைகளை ஒன்றுசேர்த்து மேவிஸ் பச்சைத் துணி விரித்திருந்தாள். நடுவில் பொம்மை ஆறு, அதன் மேல் எங்கள் ஊர்ப் பாலத்தின் சின்ன மாதிரி, கரையோரம் பாத்திரம் தேய்க்கும் நாரைச் சாயத்தில் தோய்த்துச் செய்த வேலிகள். இங்கிலாந்தின் பழைய உள்நாட்டுப் போரில் இந்தப் பாலத்தில் அரசனின் ஆட்களை எங்கள் ஊர்ப் பட்டாளம் ஒரு நாள் முழுக்க நிறுத்திவைத்தது. ஏழு வாரத்தில் நூலகத்தில் கண்காட்சி. அரசன் பக்கம் கோலினுடையது, பத்து வருடப் பழசு. ஊர்ப் பட்டாளத்தைப் புதிதாகச் செய்யும் பொறுப்பு கிளிஃப்புக்கு.

பெட்டிகளைத் திறந்தேன். கட்டைவிரல் உயரத்தில் நூற்று நாற்பத்து நான்கு ஈய வீரர்கள். ஒவ்வொருவனின் உள்ளங்கையையும் துளைத்துக் கம்பி ஈட்டி செருகியிருந்தான். ஒரு ஈட்டிகூடக் கோணவில்லை. காலணிச் சேறு ஆளுக்கு ஒரு மாதிரி. சிலருக்கு இரண்டு நாள் தாடி. மேலே ஒரு சீட்டு: "லென், அவ்வளவும் இருக்கிறது. டோரீன் தூங்கும் நேரமெல்லாம் இவர்களோடுதான் போயிற்று. இனி பிரஷ்ஷைத் தொட மாட்டேன். கண் ஓய்ந்துவிட்டது."

நான் ஒரு கரையில் அவர்களை நிறுத்தினேன். கோலின் எதிர்க்கரையில் தன் ஆட்களை நிறுத்தினான். பிறகு மூன்று பேரும் இரண்டு கரையையும் மாறி மாறிப் பார்த்தோம்.

"ஏம்ப்பா லென், ரெண்டு பக்கமும் பச்சைக் கோட்டு போட்டிருக்கானே. யாரு யாரைக் குத்தறதாம்?" என்றான் கோலின்.

"புல்லும் பச்சை. தூரத்துலேருந்து பாத்தா சண்டைக்கு யாருமே வரல போலிருக்கு" என்றாள் மேவிஸ்.

"ஊர்ப் பட்டாளம் நீலம். இதோ இந்தச் சர்ச் சுவத்துலயே வரைஞ்சு வெச்சிருக்கு. அவன் மனசு எங்க இருந்துதோ. எழுதிப் போடு லென். தப்பு அவனோடது, அவனே மாத்தட்டும்."

"கண்ணு ஓய்ஞ்சுபோச்சுன்னு சீட்டுல எழுதியிருக்கான், படிச்சியா இல்லியா?" என்றாள் மேவிஸ்.

"அப்ப நீ பூசிடேன் கண்ணு. உனக்குத்தான் வேலி வேலையெல்லாம் முடிஞ்சுதே."

மேவிஸ் கைகளை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டாள். ஒருவர் பூசியதன் மேல் இன்னொருவர் பிரஷ் படக் கூடாது. இது எந்தப் புத்தகத்திலும் எழுதிய விதி இல்லை. ஒரு முறை நான் கோலினின் குதிரை ஒன்றுக்கு வாலைத் திருத்தப்போய், அவன் இரண்டு வருடம் கிளப் பக்கமே தலைகாட்டவில்லை. கடைசியில், செயலாளர் கிளிஃப்புக்குக் கடிதம் எழுதுவது என்று முடிவாயிற்று. குறிப்புப் புத்தகத்தில் அப்படியே எழுதினேன்.

ஞாயிறு மதியம் உட்கார்ந்தேன். தேதி குறிப்பிடாமல் நான் யாரையும் குறை சொல்லி எழுதியதில்லை. 'இன்ன நாளிட்ட என் நிறப் பட்டியலில் நீலம் என்று தெளிவாகக் குறித்திருந்தும்' என்று தொடங்கிவிட்டு, அந்தத் தேதிக்காகக் கடிதக் கோப்பை எடுத்தேன். நான் அனுப்பும் எல்லாவற்றுக்கும் கார்பன் படி வைத்திருப்பேன்.

பட்டியல் இருந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட பட்டியல். அரசன் பக்கம்: நீலம். ஊர்ப் பட்டாளம்: பச்சை.

மூன்று முறை படித்தேன். என் கையெழுத்துதான். கோலினின் ஆட்கள் ஏற்கெனவே பச்சையில் தயாராக இருந்ததால் அவன் பட்டியலைப் பார்த்திருக்கவே மாட்டான். பார்த்தவன் கிளிஃப் ஒருவன்தான்.

அடுத்த தாள் அவனுடைய பதில். "லென், பச்சைதானா? எனக்கு நீலம் என்று ஞாபகம். சர்ச்சுக்குப் போய்ப் பார்க்க முடியவில்லை, இவளை விட்டு நகர முடியாது. நீ எழுதினால் சரிபார்த்துத்தான் எழுதியிருப்பாய். மறுப்பு வராவிட்டால் பச்சை என்றே தொடங்குகிறேன்." அதன் மூலையில் என் சிவப்பு மை: 'பார்த்தாயிற்று. பதில் தேவையில்லை.'

நாற்காலியை விட்டு எழுந்திருக்கத் தோன்றவில்லை. முப்பது வருடம் நகராட்சியில் கடிதம் எழுதியே காலம் தள்ளியவன் நான். கிளிஃப் வாதாடுகிறவன் இல்லை. தப்பு உன்னுடையது என்று எழுதினால், இருக்கும் என்று நம்பிக்கொண்டு, ஓய்ந்துபோன கண்ணோடு மறுபடி முதல் ஆளிலிருந்து ஆரம்பிப்பான். பழைய தாளைத் தேடி எடுத்துக் காட்டுகிற ஆள் அவனில்லை. என்னிடமுள்ள இந்த இரண்டு தாளும் போய்விட்டால் நடந்ததற்கு வேறு சாட்சி வராது. அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. தேநீர் ஆறி ஆடை கட்டும் வரை அந்த அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

பிறகு தொடங்கிய தாளைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினேன்.

"கிளிஃப், ஊர்ப் பட்டாளம் நீலம். உன் ஞாபகம் சரி. பட்டியலில் மாற்றி எழுதியவன் நான். நீ கேட்டும் பதில் போடாதவனும் நானே. இரண்டு தாளும் இத்துடன் உள்ளன. நான் எந்தப் படியும் வைத்துக்கொள்ளவில்லை. உன் ஆட்கள் கிளப் அலமாரியில், என் பூட்டில் இருக்கிறார்கள். யாரும் தொடவில்லை. நீ அனுமதித்தால், கோட்டுகளை மட்டும் நான் நீலமாக்குகிறேன். முகத்தையும் சேற்றையும் தொட மாட்டேன். வேண்டாம் என்றால் பச்சையிலேயே நிற்கட்டும். தவறு செயலாளருடையது என்று என் பெயர் போட்டு முன்னால் ஓர் அட்டை வைக்கிறேன். எதுவானாலும் நீ சொல்வதுதான். டோரீனை விசாரித்ததாகச் சொல். லென்."

கோலினுக்கும் மேவிஸுக்கும் நடந்ததைச் சொல்லி ஆளுக்கு நாலு வரி எழுதினேன்.

திங்கள் காலை தபால் எடுக்க வருகிறவர் ஒன்பதுக்கு வருவார். எட்டரைக்கே தபால்பெட்டியடியில் நின்றேன். தூறிக்கொண்டிருந்தது. உறைகளைக் கோட்டுக்குள் வைத்திருந்தேன். கோலினுடையதை முதலில் போட்டேன், பிறகு மேவிஸுடையதை. கிளிஃப்பின் உறையை மட்டும் இன்னும் ஒட்டவில்லை. இரண்டு தாளும் உள்ளே இருக்கின்றனவா என்று விரலால் பிரித்துப் பார்த்தேன். சிவப்பு மை கண்ணில் பட்டது. பசையை நாக்கால் ஈரமாக்கி, பெட்டியின் தலைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினேன். தாள்கள் சேர்ந்து உறை தடித்திருந்ததால், பெட்டியின் வாயில் பாதியில் நின்றது. இரண்டு விரலால் தள்ளினேன்.