திருவேங்கடம் சார் எந்தக் கிட்டாருக்கு ஓடுகிறார்

கீழ்வீட்டுத் திருவேங்கடம் சார் காலமாகிவிட்டார் என்று சொன்னார்கள். மாலை வாங்கிக்கொண்டு போனேன். கூடத்துச் சுவரில் கடிகாரமாக மாட்டியிருந்தார். வட்டமாக, வெள்ளையாக, இரண்டு முட்களோடு இருந்தார். மீசை மட்டும் பன்னிரண்டுக்குக் கீழே அப்படியே இருந்தது.

"மாலை வேணாம் தம்பி, முள்ளுல சிக்கிக்கும்" என்றார் அவர் மனைவி குமுதவல்லி ஆன்ட்டி.

என்ன செய்வதென்று தெரியாமல் மாலையை நானே போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஆன்ட்டி காபி கொடுத்தார்.

"ரொம்பக் கஷ்டமா இருக்கா ஆன்ட்டி?"

"ஓடுறவரைக்கும் கஷ்டமில்ல. சாவியும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. மேல நீங்க வாசிக்கிறதுக்குத்தான் ஓடுறாரு. நீங்க நிறுத்தினா நின்னுடுறாரு. அப்பதான் எனக்குப் பயமா இருக்கு."

எங்கள் ராக் பாண்டின் பெயர் மின்தடை. அவர்கள் வீட்டுக்கு நேர் மேலே பயிற்சி செய்கிறோம். நான் டிரம்ஸ். கிட்டார் இரண்டு பேர்: லீட் ரெக்ஸ், ரிதம் சம்பந்தன். மனிதராக இருந்தவரை திருவேங்கடம் சார் எங்களைப் பொறுத்துக்கொண்டதே இல்லை. ஒட்டடைக் குச்சியால் கூரையை இடிப்பார். இப்போது எங்களை நம்பியிருந்தார். தாளம் பிசகாமல் பார்த்துக்கொள்வது டிரம்ஸ்காரன் வேலை என்பதால் எனக்குள்ளே கொஞ்சம் பெருமைதான்.

திரும்பும்போது லிஃப்ட் திறந்தது. உள்ளே குடியிருப்போர் சங்கச் செயலாளர் பத்மநாபன் நின்றிருந்தார். தேர்தலில் ஜெயித்ததிலிருந்து அவர் லிஃப்டை விட்டு வெளியே வருவதில்லை.

"ஒரு மாடிக்கு ஒரு கிட்டார்தான். தீர்மானம் போட்டாச்சு. திறமை கம்மியானவர் படியில எறங்கிடணும்."

"கம்மி யாருன்னு யார் சார் சொல்றது?"

"நீங்கதான். டிரம்ஸ் பின்னாடிதானே இருக்கு? ரெண்டு பேர் முதுகும் உங்களுக்குத்தான் தெரியும்."

எங்கள் கட்டடத்தில் படியில் இறங்குகிறவர்கள் இறங்கிக்கொண்டே இருப்பார்கள். எங்கள் கீபோர்டுக்காரர் பால் வாங்க இறங்கினார். இன்னும் இறங்குகிறார். அவ்வப்போது போன் செய்வார். நன்றாக இருப்பதாகத்தான் சொல்கிறார், ஆனால் குரல் சரியில்லை. அதனால் நாங்கள் செயலாளரைச் சகித்துக்கொண்டு லிஃப்டில்தான் போய்வருகிறோம்.

ரெக்ஸைப் பற்றி யோசிக்க அதிகமில்லை. அவன் சோலோவில் ஏறும்போது தாழ்வாரம் நீளும். கடைசி வீட்டுக்காரர்கள் வெகுதூரம் நடந்துவந்து கைதட்டுவார்கள். கைதட்டல்கள் தரையில் கிடக்கும், காலையில் பெருக்க வேண்டும். சம்பந்தனுக்குத் தெரிந்தது மூன்று கார்டு, கம்பிகளைச் சேர்த்து அடிக்கும் மூன்று சுரக்கூட்டு. அதையே திருப்பித் திருப்பி வாசிப்பான். நிகழ்ச்சி முடிந்தபின் அவன் வந்திருந்தானா என்று எங்களையே கேட்பார்கள். நானும் அவனை ஒப்புக்குச் சப்பாணியாகத்தான் வைத்திருந்தேன்.

இருவரையும் கேட்டேன்.

"இதுல என்னடா யோசனை? நான்தான்" என்றான் ரெக்ஸ்.

"அவன்தான்டா. எனக்கு எறங்கறதுல ஒண்ணும் இல்ல. ஏறும்போதுதான் முட்டி வலிக்கும்" என்றான் சம்பந்தன்.

இவ்வளவு சுலபமாக ஒத்துப்போனது எனக்குப் பிடிக்கவில்லை. திருவேங்கடம் சாரையே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. ஒவ்வொருவராக வாசிப்பது, ஆன்ட்டி ஜன்னல் வழியாகக் கத்திச் சொல்வது என்று ஏற்பாடு.

முதலில் நான் மட்டும் வாசித்தேன். தேவையே இல்லைதான். ஓர் ஆசை.

"ஆரம்பிச்சாச்சு ஆன்ட்டி!"

"எங்க ஆரம்பிச்சீங்க? நின்னுட்டுல்ல இருக்காரு!"

இன்னும் பலமாக அடித்தேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். எனக்கு மனம் விட்டுப்போயிற்று.

அடுத்து சம்பந்தன் தன் மூன்று கார்டை வாசித்தான்.

"ஓடுறாரு தம்பி! கரெக்டா ஓடுறாரு! பால் கூட நேரத்துக்குப் பொங்குது!"

நான் அவன் வலது கையைப் பார்த்தேன். இத்தனை வருடமாக நான் யார் பின்னால் போய்க்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

பிறகு ரெக்ஸ் தனியாக வாசித்தான்.

"பதினொண்ணு! மூணு! ஏழு! தம்பி, மீசை துடிக்குது, சந்தோஷமாத்தான் இருக்காரு. எனக்குத்தான் தலை சுத்துது!"

ரெக்ஸின் கால்கள் தரையை விட்டு எழும்பின. முதுகு கூரையில் போய் ஒட்டியது. வாசித்து முடித்தும் அவன் கீழே வரவில்லை.

"எறங்குடா."

"எப்பவும் தானா எறங்கிடுவேன். இன்னிக்கு என்னன்னு தெரியல."

எப்போதும் அவனை இறக்கிவிட்டது சம்பந்தனின் கார்டு. மூவருக்கும் அது ஒரே நேரத்தில் புரிந்தது.

லிஃப்ட் எங்கள் அறைக்குள்ளேயே திறந்தது.

"யாரு?" என்றார் செயலாளர்.

"சம்பந்தன்தான் திறமைசாலி" என்றேன். சொன்னதும் நெஞ்சு லேசாயிற்று.

"அப்ப ரெக்ஸ் எறங்கட்டும்." அண்ணாந்து பார்த்தார். "இவர எப்படிக் கீழ கொண்டுவர்றது?"

சம்பந்தன் சத்தம் வராதபடி உள்ளங்கையைக் கம்பிகள்மேல் வைத்து அழுத்திக்கொண்டான்.

"தெரியல சார்" என்றான்.

"நின்னுட்டாரு தம்பி! முழுசா நின்னுட்டாரு!" என்று கீழிருந்து ஆன்ட்டி கத்தினார்.

"யாராவது எறங்கித்தான் ஆகணும்" என்றார் செயலாளர். "எறங்கத் தெரிஞ்சவர் எறங்குங்க."

சம்பந்தன் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினான்.

"சம்பந்தா, ஒரே ஒரு கார்டு வாசிடா" என்றான் ரெக்ஸ் மேலிருந்து. "நான் எறங்கிடறேன். நானே போறேன்டா." அவன் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

"உனக்குப் படி பழக்கமில்ல. விழுந்துடுவ" என்றான் சம்பந்தன்.

போய்விட்டான். ரெக்ஸுக்குக் கேட்காத தூரம் இறங்கிய பிறகுதான் வாசிக்க ஆரம்பித்தான். நான் படிக்கட்டுக்கு ஓடி எட்டிப்பார்த்தேன். கீழ் மாடியில் குமுதவல்லி ஆன்ட்டி வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். திருவேங்கடம் சாரைச் சுவரிலிருந்து கழற்றி இடுப்பில் வைத்திருந்தார். தோளில் ஃபிளாஸ்க் தொங்கியது.

"ஆன்ட்டி, படி வேணாம். லிஃப்ட்ல போங்க."

"லிஃப்டுக்குள்ள அந்தப் பையன் வாசிக்கிறது கேக்காதே."

"திரும்பி வர முடியாது ஆன்ட்டி."

"இவரு ஓடுறாரு தம்பி" என்றார். வேகமாக இறங்கினார். சற்று நேரம் செருப்புச் சத்தமும் கிட்டாரும் சேர்ந்து கேட்டன. பிறகு இரண்டும் கேட்கவில்லை.

உள்ளே வந்தேன். அழுகை வந்தது, அழுதேன். ரெக்ஸ் கூரையில் இருந்தபடியே மெதுவாக எதையோ வாசித்தான். நடுவில் நிறுத்தினான்.

"எங்க இருக்கோம்?"

பாட்டில் எந்த இடம் என்று கேட்கிறான். சம்பந்தன் இருந்தவரை அவன் இதைக் கேட்டதே இல்லை.

"எண்ணித் தரேன், புடிச்சுக்கோ" என்றேன். குச்சிகளை ஒன்றோடொன்று தட்டினேன்.

ஒன்று. இரண்டு. மூன்று.

நான்கு வரவில்லை. நான் தரையிலும் அவன் கூரையிலுமாகக் காத்திருக்கிறோம்.