மூன்று சோம்பேறி ஃபேன்கள்

இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டு வருகிற நர்ஸ் அவள். பகலில்தான் படுக்க வேண்டும். படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் வெல்டிங் பட்டறை. அதனால் ஹால் சோபாதான் அவளுக்குக் கட்டில். அதே ஹாலில்தான் அவள் புருஷனின் கம்ப்யூட்டரும். புதிதாக வரும் கேம்களைப் பெரிய டிவியில் ஆடிப் பார்த்துக் குறை சொல்வது அவன் பிழைப்பு.

கம்ப்யூட்டருக்குள் இருந்து திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு லேசுப்பட்டதல்ல. திரையில் சண்டை சூடு பிடித்தால் அதன் ஃபேன் 'கொர்ர்ர்' என்று ஏறும். நடுநடுவே 'டக்' என்று ஒரு தட்டு. மூன்று வருஷமாக அவள் அந்தச் சத்தத்தோடுதான் படுத்தாள்.

போன வாரம் தூக்கக் கலக்கத்தில் ஒருவருக்குப் போட வேண்டிய ஊசியைப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொண்டுபோய்விட்டாள். நல்லவேளை, கடைசி நொடியில் கை நின்றது. வீட்டுக்கு வந்து அழுதாள்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேலைய விட்டுடுவேன். முதல்ல அந்தச் சனியன மாத்துங்க."

அவன் நேரே மச்சினனின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனான்.

"வாங்க மாமா! எங்கக்காகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு வர்ற முகமா இருக்கே?"

"கிண்டல அப்புறம் வச்சுக்கோ மாப்ள. சத்தம் போடாத கார்டு வேணும்."

"ஒத்த ஃபேன் கார்டுதான் மாமா கத்தும். பாவம், மூச்சு முட்டச் சுத்தணுமில்ல? இதப் பாருங்க, மூணு ஃபேன். மூணும் உங்கள மாதிரி சோம்பேறிங்க. மெதுவா சுத்துனாலே சூடு எறங்கிடும்."

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் நுழையாமல் அடம்பிடித்த அந்த நீளக் கார்டை, வீட்டுக்கு வந்து அவனே உள்ளே ஒரு தகட்டைக் கழற்றி ஒருவழியாக மாட்டினான். மறுநாள் காலை அவள் வந்து படுத்தாள். அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆட ஆரம்பித்தான். சண்டை உச்சத்துக்குப் போனபோது ஹெட்போனைக் கழற்றிக் காது கொடுத்தான்.

கொர்ர்ர். டக்.

'ஏமாத்திட்டானே பாவி' என்று பெட்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்தான். மூன்று ஃபேன்களும் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. சத்தம் அங்கே இல்லை. அட்டைப்பெட்டியில் கிடந்த பழைய கார்டில் காதை வைத்தான். அதிலும் இல்லை.

சத்தம் சோபாவிலிருந்து வந்தது.

குறட்டைதான் என்று சிரிக்கப் போனவன் குனிந்து பார்த்தான். அவள் உதடு லேசாகப் பிரிந்திருந்தது. தொண்டைக்குள் அதே ஃபேன். நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரிந்தது: டக். திரையில் அவன் விட்டுவந்த வீரனை எதிரிகள் சூழ்ந்துகொண்டார்கள். அவள் தொண்டைச் சத்தம் ஏறிற்று. வீரன் செத்து விழுந்தான். சத்தம் தணிந்தது.

அவன் கம்ப்யூட்டரை அணைத்தான்.

கரண்ட் போன ஃபேன் எப்படி ஓயுமோ, அப்படி ஓய்ந்தது அந்தச் சத்தம். மெல்ல, இன்னும் மெல்ல. கடைசியாக ஒரு டக். அவள் நெஞ்சு ஏறவில்லை.

"ஏம்மா! ஏய், எந்திரிம்மா!"

உலுக்கினான். தலை துவண்டு விழுந்தது. என்ன நினைத்தானோ, ஓடிப்போய் பட்டனை அழுத்தினான். திரை வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. கொர்ர்ர். நெஞ்சு ஏறி இறங்கியது.

சாயங்காலம் அவள் சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்தாள்.

"இப்படித் தூங்கி எவ்ளோ காலமாச்சு! என் தம்பி கெட்டிக்காரன்தான்." சீருடையை மாட்டிக்கொண்டே கம்ப்யூட்டர் பக்கம் கையை நீட்டினாள். "வேலை முடிஞ்சா அணைக்க மாட்டீங்களா?"

அவன் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"என்னங்க, கை இப்படி ஜில்லுனு இருக்கு? காய்ச்சலா?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு. நீ பத்திரமா போ."

அவள் போன பிறகு பழைய கார்டையும் ஸ்க்ரூடிரைவரையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பழையதை மாட்டிவிட்டால் சத்தம் போடுகிற வேலை அவள் தொண்டைக்கு இருக்காது. ஆனால் மாட்ட வேண்டுமென்றால் அணைக்க வேண்டும். அணைத்தால், அங்கே வார்டில் நின்றுகொண்டிருப்பவள்?

பட்டன் வரை போன விரல் திரும்பி வந்தது. பழைய கார்டை அட்டைப்பெட்டியிலேயே வைத்து மூடினான். பிறகு ஆட்டத்தைத் திறந்து, அவளுக்கு மூச்சு இரைக்காதபடி, சண்டை சச்சரவு இல்லாத ஒரு புல்வெளியாகப் பார்த்து வீரனை மெதுவாக நடக்கவிட்டான்.