இறங்காத முள்

அக்காவின் கணவர் கம்ப்யூட்டர் பெட்டி செய்கிறவர். கடையில் கிடைக்கும் தகரப் பெட்டி பிடிக்காதவர்கள் அவரைத் தேடி வருவார்கள். இந்த முறை வந்தவர் மருந்துக்கடைக்காரர். மரப்பலகையில் பெட்டி, முகப்பில் பித்தளை வளையம் போட்ட மூன்று முள் மீட்டர். எதைக் காட்டணும் என்று மாமா கேட்டதற்கு, "அழகா இருந்தாப் போதும்" என்றுவிட்டார்.

எனக்குத்தான் போதவில்லை. அசையாத முள் நின்றுபோன கடிகாரம் மாதிரி இருக்கும் என்று மாமாவை நச்சரித்தேன். தொல்லை தாங்காமல் உள்ளே ஒரு சின்ன போர்டை வைத்து, சூடு, உழைப்பு, நினைவு மூன்றுக்கும் இணைப்புக் கொடுத்தார். முள்ளுக்குப் பின்னால் வைக்கும் தாளை நான் வரைந்தேன். உழைப்பு மீட்டரில் எண்ணே கிடையாது. இடமிருந்து வலமாக 'சும்மா', 'வேலை', 'மூச்சு வாங்குது'.

மருந்துக்கடைக்காரர் வர வேண்டிய சாயங்காலம், அந்த முள் 'வேலை'யில் நின்றுவிட்டது. மாமா கம்ப்யூட்டரை அணைத்தார். இறங்கவில்லை. பிளக்கையே பிடுங்கினார். அப்போதும் இறங்கவில்லை.

"உன் பேச்சைக் கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும். உள்ள எங்கயோ சிக்கிக்கிச்சு. மூணு முள்ளையும் பசை வச்சு ஒட்டிடறேன். அழகுக்குத்தானே கேட்டாரு."

"அப்ப அவ எழுதின 'மூச்சு வாங்குது'க்கு முள்ளு எப்பப் போறது?" என்றாள் அக்கா, மரத்தூளைப் பெருக்கிக்கொண்டே.

"எனக்கே இங்க மூச்சு வாங்குது" என்றபடி மாமா பசை ட்யூபைத் திறந்தார்.

மின்சாரமே இல்லாத முள்ளை எது பிடித்து வைத்திருக்கிறது? மீட்டரின் கண்ணாடி மாதிரியான மூடியின் மேல் விரலை இழுத்துப் பார்த்தேன். முள் கொஞ்சம் பின்னாலேயே வந்தது.

"மாமா, இதை எதாலயாவது துடைச்சீங்களா?"

"மஞ்சத் துணியால. நடுவுல உன் கைரேகை அப்பியிருந்துச்சு. துடைச்சது குத்தமா?"

மூடி பிளாஸ்டிக். தலையில் தேய்த்த சீப்பு காகிதத் துண்டை இழுக்குமே, அது நினைவுக்கு வந்தது. ஈரம் பட்டால் அந்த இழுப்பு போய்விடுமே என்று வாயைக் கிட்டே கொண்டுபோய் ஈரமூச்சு விட்டேன். மூடி மங்கியது. தெளிந்தபோது முள் 'சும்மா'வில் இருந்தது.

மாமா மறுபடி துடைத்தார். ஏறியது. ஊதினேன், இறங்கியது. அக்கா துடைப்பத்தைச் சாத்திவிட்டு, "நகருங்க, நான் ஊதறேன்" என்றாள்.

"அவர் வந்தா துடைக்கிற பேச்சே எடுக்காதீங்க" என்றார் மாமா. "மக்கர் பண்ற சாமான்னு வேணாம்னுடுவாரு." பசையை அவர் மூடவில்லை.

மருந்துக்கடைக்காரர் வந்தார். குனிந்து ஒவ்வொன்றாகப் படித்தார், சிரித்தார். கைக்குட்டையை எடுத்து நடு மீட்டரை ஆசையாகத் துடைத்தார். முள் விறுவிறுவென்று ஏறி 'மூச்சு வாங்குது'வில் நின்றது. "என்ன இது?" என்றார்.

மாமாவின் பார்வை பசைமேல் போனது. வெளியாட்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. ஆனாலும் வந்துவிட்டது.

"ஊதுங்க."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஊதினார். முள் மெல்ல இறங்கி 'சும்மா'வுக்கு வந்தது.

"அப்ப சூடு?" என்று பக்கத்து மீட்டரைத் துடைக்க ஆரம்பித்தார்.

மாமா பசை ட்யூபின் மூடியைத் தேடினார்.